சுமையின் கனம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: தட்டை வேகன்களோடு சில மாதங்கள்

மாதிரி ரயில் செய்பவர்களிடையே தட்டை வேகனுக்கு, அதாவது பிளாட் வேகனுக்கு, உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. எஞ்சினுக்கு ஒலியும் விளக்கும் பொருத்த மாதக்கணக்கில் உழைப்பவர்கள்கூட, வாங்கிய தட்டை வேகனை அப்படியே தண்டவாளத்தில் வைத்து, அதன் மேல் ஏதாவது ஒரு பொம்மை லாரியை நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூடிய சரக்குப் பெட்டிக்குச் சுவரும் கூரையும் உண்டு. உள்ளே எடைக்கட்டி இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தட்டை வேகனிலோ தளமும் சுமையும் சக்கரமும் ஒருசேரக் கண்ணில் படுகின்றன. சுமை தளத்தின் மேல் உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறதா, அதை எது பிடித்து நிறுத்துகிறது, அதன் பாரம் எந்த வழியாகத் தண்டவாளத்துக்கு இறங்குகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தச் சிறிய பொருள் விடை சொல்லியாக வேண்டும். கடந்த சில மாதங்களாக 1:87 அளவில், எச்ஓ வகையில், சில தட்டை வேகன்களை இந்த மூன்று கேள்விகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு திருத்தி வந்தேன். அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது தொடங்கியது ஓர் எஃகுத் தகட்டுச் சுமையில். நான் வாங்கிய நான்கு அச்சு வேகனோடு, பிளாஸ்டிக்கில் வார்த்து வெள்ளி நிறம் பூசிய இரண்டு தகட்டு அடுக்குகள் வந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 69 மி.மீ. நீளம், 23 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம். முதல் பார்வையில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் இந்த அளவுகளை 87 ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஓர் அடுக்கு 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1.3 மீட்டர் உயரமும் கொண்ட திண்ணிய எஃகு என்று ஆகிறது. எஃகின் எடை கன மீட்டருக்கு 7.85 டன். இரண்டு அடுக்கும் சேர்ந்தால் ஏறத்தாழ 245 டன்! ஓர் அச்சுக்கு 22.5 டன் தாங்கும் தடத்தில் நான்கு அச்சு வேகன் ஒன்று சுமையோடு சேர்த்து 90 டன் வரைதான் இருக்கலாம். வேகனின் சொந்த எடையை 24 டன் என்று கொண்டால் சரக்குக்கு மிஞ்சுவது 66 டன். என் வேகன் தன்னால் தாங்கக்கூடியதைப் போல நான்கு மடங்குக்கு அருகில் சுமந்துகொண்டு, சக்கரம்கூட நசுங்காமல், என் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் கணக்கைப் போட்ட பிறகு எந்தச் சுமையையும் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. 20 மி.மீ. தடிமனுள்ள தகடு ஒன்று, 6 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில், 1.9 டன் எடை கொண்டது. வேகனின் முழுத் திறனுக்கும் ஏற்றினாலும் 35 தகடுகள்தான் போகும். இரண்டு அடுக்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்கூட வராது. மாதிரியில் 4 மி.மீ. தான். கனமான சரக்கு தாழ்வாக, தளத்தில் பெரும்பகுதி வெற்றிடமாகக் கிடக்க, கிட்டத்தட்ட ஏமாற்றம் தருமளவு சிறியதாகத்தான் இருக்கும். அந்தச் சிறுமையே அது கனமானது என்று சொல்கிறது. எஃகுச் சுருளும் அப்படித்தான்: 1.8 மீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் அகலமும் நடுவில் 60 செ.மீ. துளையும் கொண்ட ஒரு சுருள் 21 டன்னுக்கு மேல் இருக்கும். மூன்று வைத்தால் வேகன் நிறைந்துவிட்டது. இடம் இருக்கிறதே என்று நான்காவது சுருளை வைக்கும்போதுதான் அது பொம்மையாகிவிடுகிறது. மரம் நேர் எதிர். பச்சை மரம் பெரும்பாலும் கன மீட்டருக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாகவே இருப்பதால், அடிமரங்களைப் பக்கக் கம்பங்களின் உச்சி வரை அடுக்கலாம், அடுக்கத்தான் வேண்டும்.

சுமைக்குப் போகுமுன் வேகன் ஒழுங்காக ஓட வேண்டும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள்; மாதிரி வேகனில் அச்சு இருந்தும் ஓடாமல் போவதுண்டு. பிளாஸ்டிக் சக்கரங்கள் தண்டவாளத்து அழுக்கை வாரிச் சேர்த்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தடித்து, வேகனைத் தடதடக்க வைக்கும். என் வேகன்கள் எல்லாவற்றிலும் முதலில் அவற்றை நீக்கிவிட்டு, ஊசிமுனை அச்சுகளில் பொருத்திய 11 மி.மீ. உலோகச் சக்கரங்களை மாட்டினேன். மாட்டுவதற்கு முன் இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை அளவுக்கட்டையால் சரிபார்ப்பது என் வழக்கம். எச்ஓ அளவில் அது 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். கிளைத்தடங்களில் காரணம் தெரியாமல் தடம் புரளும் வேகன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஓர் அளவுதான் குற்றவாளி.

போகிகளைப் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுழலும் நான்கு சக்கர வண்டிகளான இந்தப் போகிகள் இரண்டையும் ஒரே இறுக்கத்தில் திருகினால் வேகன் நான்கு கால் நாற்காலி போல ஆடும். ஒரு போகியை இடமும் வலமும் மட்டும் திரும்புமாறு சற்று இறுக்கமாகவும், மற்றொன்றை எந்தப் பக்கமும் லேசாகச் சாயுமாறு தளர்வாகவும் விட்டால், வேகன் முக்காலி போல எந்த மேடுபள்ளத்திலும் உட்கார்ந்துகொள்ளும். திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்துவதில் கிடைக்கும் பலன் வேறு எந்த வேலையிலும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை.

அடுத்தது எடை. தட்டை வேகனின் பெரும் சிக்கல் இதுதான். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏயின் பரிந்துரைப்படி எச்ஓ வண்டி ஒன்று 1 அவுன்ஸோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் கூட்டிய எடையில் இருக்க வேண்டும். 200 மி.மீ. நீளமுள்ள என் வேகனுக்கு இது ஏறத்தாழ 140 கிராம். தராசில் வைத்தபோது அது காட்டியது 64 கிராம். இவ்வளவு லேசான வேகனை நீண்ட ரயிலில் எஞ்சினுக்கு அடுத்ததாக மாட்டி வளைவில் இழுத்தால், முன்னும் பின்னும் இழுபடும் விசையில் அது வளைவின் உட்புறமாகச் சரிந்து விழுந்துவிடும். எடையை எங்கே வைப்பது? தளத்துக்கு அடியில், நடு உத்தரங்களுக்கு இருபுறமும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியாத குறுகிய பள்ளங்கள் இருந்தன. அங்கே 110 மி.மீ. நீளமும் 7 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள ஈயப்பட்டைகள் இரண்டைப் பதித்தேன். அதில் 35 கிராம் வந்தது. காலி வேகன் 100 கிராமை ஒட்டி நிற்கட்டும், மீதியைச் சுமைக்குள்ளே வைக்கலாம் என்று முடிவு செய்தேன். இன்னும் வேண்டுமென்பவர்கள் டங்ஸ்டனை நாடலாம். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம் என்றால் டங்ஸ்டனுக்கு 19.3.

இந்த ஈயத்தில் ஒரு பாடம் கற்றேன். முன்பொரு வேகனில் ஈயக் குண்டுகளை வெள்ளை மரப்பசையில் குழைத்து அடிச்சட்டத்தில் நிரப்பியிருந்தேன். ஒரு வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அந்த வேகனின் பக்க உத்தரம் நடுவில் பிதுங்கியிருப்பதைக் கண்டேன். திறந்து பார்த்தபோது குண்டுகளின் மேல் வெண்பொடி பூத்திருந்தது. மரப்பசையிலிருந்து வெளிவரும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து, அது ஈயக் கார்பனேட்டாக மாறி, கன அளவில் பெருத்து, சட்டத்தையே பிளக்கப் பார்த்திருக்கிறது. கவனமாகச் செய்த வேகன் ஒன்றைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று, இன்றும் வருத்தம்தான். ஈயத்தை எபாக்சியால் மட்டும் ஒட்டுங்கள். வெட்டும்போது கையுறை அணிந்து, தூள் பறக்காமல் கத்தியால் கீறி மடக்கி ஒடித்து, முடித்ததும் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

ஒட்டும்போது சட்டம் வளையாமல் இருக்க, வேகனைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து, பாரம் வைத்து, பசை முழுதும் இறுகும் வரை விட்டுவிட வேண்டும். தட்டை வேகனின் உடல் மெலிதானது. நடு தொய்ந்துவிட்டால் அது தேய்ந்துபோன பழைய வண்டியாகத் தெரியும். மெல்லிய மேல்நோக்கிய வளைவு இருந்தால் மட்டும் கவலைப்படாதீர்கள். உண்மையான நீண்ட தட்டை வேகன்கள் பலவற்றை நடுப்பகுதி சற்று மேலெழும்பியிருக்குமாறுதான் கட்டுகிறார்கள். சுமை ஏறியதும் அது நேராகிவிடும். காலியாகவே ஓட்டப்போகும் ஒரு வேகனுக்கு நான் அரை மி.மீ. அளவுக்கு அந்த வளைவை வேண்டுமென்றே கொடுத்தேன். தண்டவாளத்தின் நேர்கோட்டுக்கு மேலே அந்த மெல்லிய வில் தெரியும்போது, இது காலி வண்டி என்பது சொல்லாமலே விளங்குகிறது.

இனி தளம். பார்ப்பவரின் கண் மேலிருந்துதான் விழுகிறது என்பதால், என் நேரத்தில் பாதியை இதற்கே கொடுத்தேன். வார்த்த பிளாஸ்டிக் தளத்தில் பலகைகளுக்கு நடுவிலுள்ள கோடுகள் ஒரே ஆழத்தில், ஒரே நேர்மையில் ஓடும். அதை வைத்துக்கொண்டே திருத்தலாம்: நுண்பல் ரம்பத்தைப் பலகையின் நீளவாக்கில் லேசாக இழுத்தால் மரநரம்பு வந்துவிடும்; சில பலகைகளின் முனையைக் கத்தியால் சீவி, ஓரிரண்டில் பிளவு கீறினால் போதும். ஆனால் ஒரு வேகனிலாவது உண்மையான மரம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உண்மைத் தளத்தில் 20 செ.மீ. அகலமுள்ள பலகை, மாதிரியில் 2.3 மி.மீ. ஆகிறது. வேகனின் குறுக்கே பலகைகளை வைத்தால் 200 மி.மீ. நீளத்துக்கு 87 பலகைகள். 0.6 மி.மீ. தடிமனுள்ள மரத்தோலை, அதாவது வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகட்டை, எஃகு அளவுகோலின் ஓரமாகக் கீற்றுகளாக அறுத்து, ஒரே நீளத்துக்கு நறுக்க ஒரு சிறு அச்சுக்கட்டை செய்துகொண்டேன். வேகனின் பழைய தளத்தை அதே 0.6 மி.மீ. அளவுக்குத் தேய்த்துத் தாழ்த்த வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் தளம் 5 செ.மீ. உயர்ந்துபோன வேகனாகிவிடும்.

பலகைகளுக்கு நிறம் ஏற்றுவதை ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், ஏனெனில் பசை பட்ட இடத்தில் மரம் சாயத்தை உறிஞ்சாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சில துளி இந்தியன் இங்க் எனும் கறுப்பு மை கலந்து, கீற்றுகளைக் கைப்பிடி கைப்பிடியாக வெவ்வேறு நேரம் ஊறவைத்தேன். வெயிலில் கிடக்கும் மரம் சாம்பல் நிறமாவதற்குக் காரணம், புறஊதாக் கதிர்கள் மரத்திலுள்ள லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிவிட, வெளிறிய செல்லுலோஸ் இழைகள் மேலே மிஞ்சுவதுதான். ஆகவே பழைய பலகையில் பழுப்பு இருக்காது. வெள்ளி கலந்த சாம்பல்தான் இருக்கும். புதிதாக மாற்றிய பலகையில் பழுப்பும் மஞ்சளும் இருக்கும். 87 பலகைகளில் நான்கை மட்டும் சாயமேற்றாமல், மங்கிய மஞ்சளாக, அவை அதிகம் அடிபடும் நடுப்பகுதியில் இரண்டு இரண்டாகச் சேர்த்து வைத்தேன். பழுது பார்ப்பவர் ஒற்றைப் பலகையை மாற்றுவதைவிட உடைந்த இடத்தில் அடுத்தடுத்த பலகைகளைச் சேர்த்து மாற்றுவதே இயல்பு என்று தோன்றியது. முடிந்த தளத்தை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தபோது, பலகைக்குப் பலகை உயரத்தில் மயிரிழை வேறுபாடு, ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு மெல்லிய நிழல், அந்த நான்கு மஞ்சள் பலகைகள். அரை மணி நேரம் வேறு எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளிம்பிலுள்ள சிறு பொருள்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பக்கக் கம்பங்களைச் செருகும் கூடுகள் பெரும்பாலும் அடைபட்ட கட்டிகளாகவே வார்க்கப்பட்டிருக்கும்; 0.8 மி.மீ. துளையிட்டு, சதுர ஊசி அரத்தால் மூலைகளைத் திறந்துவிட்டால் வேகனின் பக்கத் தோற்றமே மாறிவிடும். பிளாஸ்டிக் கைப்பிடிகளைச் சீவிவிட்டு 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியில் வளைத்துப் பொருத்தலாம். பிரேக் குழாய், கைப்பிரேக்குச் சக்கரம், கட்டு வளையங்கள் ஆகியவற்றில் கட்டு வளையங்களுக்கு முதலிடம் கொடுங்கள், ஏனென்றால் சுமையின் சங்கிலி அங்கேதான் வந்து முடியப்போகிறது. வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங்கின் உயரத்தை இந்தக் கட்டத்தில் சரிபார்ப்பது நல்லது. சக்கரம் மாற்றியபோது அது கால் மி.மீ. ஏறியோ இறங்கியோ இருக்கலாம்.

எஃகுத் தகட்டுச் சுமைக்குத் திரும்புகிறேன். பிளாஸ்டிக்கை எஃகாகக் காட்டுவதைவிட எஃகையே எஃகாக வைப்பது எளிது என்று தோன்றியது. காலியான தகர டப்பா ஒன்றின் தகட்டை அளந்தேன், 0.2 மி.மீ. இருந்தது. 87 மடங்கில் அது 17 மி.மீ. தகடு. தகரம் என்பது வெள்ளீயம் பூசிய எஃகு என்பதால் எடையும் கூடவே வந்துவிடுகிறது. 69 மி.மீ.க்கு 23 மி.மீ. அளவில் 24 துண்டுகள் வெட்டி, ஓரங்களின் பிசிறை அரத்தால் நீக்கி, தட்டையாக்கி, வெள்ளீயப் பூச்சைத் தேய்த்துப் போக்கினேன். ஒரு துண்டு 2.5 கிராம், 24 துண்டும் 60 கிராம். 100 கிராம் காலி வேகன் சுமையோடு 160 கிராமாகி, பரிந்துரைத்த எடையைச் சற்றே தாண்டி நிற்கிறது. உண்மை அளவில் கணக்கிட்டால் 39 டன். பழைய பிளாஸ்டிக் அடுக்கின் இடத்தில் இப்போது இரண்டரை மி.மீ. உயரமுள்ள இரண்டு தாழ்ந்த அடுக்குகள் மட்டுமே இருக்கின்றன; ஆனால் வேகனைக் கையில் எடுத்தவுடன் விரல்கள் கனத்தை உணர்ந்துகொள்கின்றன.

எந்தச் சரக்கையும் தளத்தின் மேல் நேராக வைப்பதில்லை. இறக்கும்போது பட்டையோ சங்கிலியோ அடியில் நுழைய இடம் வேண்டும். பாரமும் சட்டத்தின் வலுவான இடங்களில் இறங்க வேண்டும். ஆகவே 1 மி.மீ. சதுர மரக்குச்சிகளைத் தாங்குகட்டைகளாகக் குறுக்கே வைத்தேன். அடுக்குக்கு மூன்று கட்டைகள். ஆறு தகடுகளுக்கு மேல் இன்னொரு மெல்லிய வரிசை, கீழ்வரிசைக்கு நேர் மேலே. கட்டைகள் ஒன்றுக்கொன்று நேர்கோட்டில் இல்லாவிட்டால் பாரம் தகட்டை வளைத்துவிடும் என்பதை உண்மையில் சரக்கு ஏற்றுபவர்கள் நன்றாக அறிவார்கள். இரண்டு அடுக்குகளும் வேகனின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில், ஒவ்வொரு போகிக்கும் சம பாரம் விழுமாறு இருக்க வேண்டும். தகடுகளை முழுக்க ஒழுங்காக அடுக்காமல், ஒன்றிரண்டை அரை மி.மீ. பிதுங்கவிட்டேன். மேல் தகட்டில் மட்டும் துரு படிந்திருக்கிறது. இடையிலுள்ள தகடுகளின் ஓரங்கள் நீலம் கலந்த கருமையில் இருக்கின்றன.

அடிமரச் சுமைக்குத் தேவையானது பொறுமையாகக் குச்சி தேடுவது மட்டுமே. 50 செ.மீ. விட்டமுள்ள மரம் 5.7 மி.மீ. ஆகிறது. அந்தத் தடிமனில் பட்டை நுண்மையாக வெடித்திருக்கும் செடியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டையின் வெடிப்பு பெரிதாக இருந்தால் அது குச்சியாகவேதான் தெரியும். வெட்டிய குச்சிகளைச் சில வாரங்கள் நன்றாகக் காயவிடாமல் ஒட்டினால், அவை பின்னர் சுருங்கிக் கட்டு தளர்ந்துவிடும். கத்தரியால் நறுக்கினால் முனை நசுங்கும் என்பதால் நுண்பல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். அடிமரம் ஒரு முனையில் பெருத்தும் மறுமுனையில் சிறுத்தும் இருக்கும். பெருத்த முனையையும் சிறுத்த முனையையும் மாற்றி மாற்றி அடுக்கினால்தான் குவியல் மட்டமாக வரும். வண்டியில் வாகனம் ஏற்றுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: டயரின் அடிப்பகுதியை அரத்தால் 0.3 மி.மீ. தேய்த்துத் தட்டையாக்குங்கள். முழு வட்டமான டயர் தளத்தை ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டு மிதப்பதுபோல இருக்கும். தேய்த்த டயரோ பாரத்தில் அமுங்கி உட்காரும். இந்த ஒரு வேலைக்கு டயருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சுமையை எது பிடித்து நிறுத்துகிறது என்ற கேள்வியில்தான் நல்ல மாதிரிகள்கூடத் தடுமாறுகின்றன. ஆப்பு வைக்காத சக்கரங்கள், எங்கும் முடியாத சங்கிலிகள், தொய்ந்து தொங்கும் நூல்கள். உண்மையான சங்கிலி இழுவிசையில் விறைத்து நேராக நிற்கும். அங்குலத்துக்கு 40 கண்ணிகள் கொண்ட மெல்லிய சங்கிலி எச்ஓ அளவுக்குப் பொருத்தமானது; ஒரு கண்ணி உண்மையில் 55 மி.மீ. அளவு. ஆனால் அந்தச் சங்கிலிக்குத் தன்னை இழுத்து நிறுத்தும் எடை இல்லை. அப்படியே ஒட்டினால் கோணலாக நெளியும். நான் செய்வது இது: கட்டு வளையத்துக்கு அருகே தளத்தில் 0.4 மி.மீ. துளை. 0.2 மி.மீ. கம்பியை மடக்கிக் கடைசிக் கண்ணியில் கோத்து, இரு முனைகளையும் துளைவழியே கீழே இறக்கி, இடுக்கியால் பிடித்து, சங்கிலி விறைக்கும் வரை மெல்ல இழுத்து, அடியில் ஒரு துளி சூப்பர் குளூ. பிடியை விடுமுன் இருபது வரை எண்ணுவேன். சங்கிலியின் நடுவில் இரண்டு கம்பித் துண்டுகளை முறுக்கிச் செய்த டர்ன்பக்கிள் ஒன்றை, அதாவது சங்கிலியை இறுக்கும் திருகு ஒன்றை, வைத்தால், அதை இறுக்கிய கை எது என்பதும் தெரிந்துவிடுகிறது. கம்பிவடத்துக்கு நூலைப் பயன்படுத்துபவர்கள் அதைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்கிவிட வேண்டும். பெருக்கிக் காட்டும் புகைப்படத்தில் நூலின் பிசிறைவிடக் கொடுமையான காட்சி வேறில்லை.

ஆப்புகளைச் சிறிய முக்கோணக் கட்டைகளாக வெட்டி, சக்கரத்தின் முன்னும் பின்னும் நெருக்கமாக வைத்தேன். பென்சில் முனையால் ஒவ்வோர் ஆப்பிலும் இரண்டு புள்ளிகள் குத்தினால் அவை ஆணித்தலைகள்.

ஏற்றிய வேகன் ஒரு திசையில் போனால் காலியாகத் திரும்ப வேண்டும் என்பதால், என் சுமைகள் எல்லாம் கழற்றக்கூடியவை. தகரத் தகடுகளில் இதற்கு ஒரு வசதி இருந்தது. தளத்துக்கு அடியில் 3 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தங்கள் நான்கைப் பதித்துவிட்டால் அடுக்கு தானாகவே பிடித்துக்கொள்கிறது. காந்தத்தைப் போகியின் மேலே வைத்துவிடாதீர்கள். அச்சுகள் பெரும்பாலும் எஃகாலானவை; காந்தம் அவற்றைப் பிடித்திழுத்து உருளவிடாமல் செய்யும். சங்கிலியை இந்தச் சுமைகளில் தளத்தில் ஒட்டாமல், கம்பக்கூட்டில் செருகி எடுக்கும் சிறு கொக்கியில் முடித்தேன். விறைப்பு கொஞ்சம் குறைந்தாலும் வேறு வழி தெரியவில்லை. அடிமரக் குவியலை முழுக்க ஒரே கட்டியாக ஒட்டி, அதன் நடுவே ஈயத்தை ஒளித்து, பக்கக் கம்பங்களோடு சேர்த்து அப்படியே தூக்கி எடுக்குமாறு செய்தேன்.

புதிய சுமை எதுவும் ஓடுமுன் அட்டையில் வெட்டிய ஒரு வாயிலின் வழியே போகும். என் லேஅவுட்டிலுள்ள, அதாவது மேசையில் அமைத்த மாதிரித் தடத்திலுள்ள, மிகக் குறுகிய சுரங்க வாயிலை அளந்து வெட்டிய அட்டை அது. நேர்த்தடத்தில் மட்டும் சோதித்தால் போதாது. வளைவில் நீண்ட வேகனின் நடுப்பகுதி உட்புறமாகவும் முனைகள் வெளிப்புறமாகவும் ஒதுங்கும். வேகனின் முனையைத் தாண்டி நீட்டிய குழாய்ச் சுமை ஒன்று அடுத்த வேகனின் சுமையில் இடித்து, நான்கு வேகன்களைத் தடத்திலிருந்து இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். உண்மை ரயிலில் இப்படி நீட்டிய சுமைக்கு முன்னோ பின்னோ காலி வேகன் ஒன்றை மாட்டுவார்கள். அந்தக் காலி வேகனையும் சேர்த்து மாதிரியில் மாட்டியபோது இடித்தலும் நின்றது, ரயிலும் அழகாயிற்று.

வண்ணத்தில் நான் கடைப்பிடிக்கும் ஒரே ஒழுங்கு, கறை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தூரிகையை எடுப்பதில்லை என்பது. சக்கரம் வாரியடிக்கும் பழுப்புத் தூசி போகியிலும் வேகனின் முனையிலும் படியும். சங்கிலி உரசிய உத்தர விளிம்பில் வண்ணம் போய்ப் பளபளப்பான உலோகமும் அதற்குக் கீழே துரு ஒழுகிய கோடும் இருக்கும். எண்களையும் எழுத்துகளையும் ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிய பின் மங்கல் வார்னிஷ், பிறகே கறைகள். மங்கல் வார்னிஷின் மேல் ஆல்கஹால் கலந்த இங்க்கைத் தடவினால் சில வகைகளில் வெண்படலம் பூத்துவிடும். ஆகவே தளத்தின் சாயவேலையை வார்னிஷுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இந்த வரிசையில் நான் கடைசியாகச் செய்தது சுமையே இல்லாத ஒரு வேகன். தளத்தில் இரண்டு தாங்குகட்டைகள் நகர்ந்து கோணலாகக் கிடக்கின்றன. ஓர் ஆப்பு பாதி பிளந்து, ஆணியோடு பலகையில் மிஞ்சியிருக்கிறது. முன்பு ஆப்புகள் இருந்த இடங்களில் மட்டும் மரம் சற்றே வெளிறாமல், கரும்பழுப்பாக, நான்கு சிறு சதுரங்கள். அடிமரத்திலிருந்து உதிர்ந்த பட்டைத்தூள் பலகை இடுக்குகளில் படிந்திருக்கிறது. உண்மையான அதே குச்சியின் பட்டையைப் பொடித்து, சலித்து, மிக நீர்த்த பசையில் இறக்கினேன். அறுத்தெடுத்த கட்டுக்கம்பி ஒரு துண்டு கம்பக்கூடு ஒன்றில் சுருண்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றிய வேகன்களுக்குப் பின்னால் ரயிலின் கடைசியில் அதை மாட்டி, அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றை மட்டும் தண்டவாளத்தின் உயரத்தில் வைத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். தளத்தின் மேல் கிடந்த கட்டைகளின் நிழல் பலகைகளின் மேல் நீண்டு, வளைவில் திரும்பி, சுரங்கத்துக்குள் போயிற்று.